கோழிக் கூடை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் அடைக்கோழி பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் பொரித்த குஞ்சையும் அடைக்கு வைக்கும் முட்டையையும் வெளியூருக்கு எப்படி அனுப்புவது, எப்படி விற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் 14 வருடமாகச் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இப்போது 22 பெட்டை, 3 சேவல், 60 முட்டை கொள்ளும் இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) ஒன்று, 120 கொள்வது ஒன்று. பண்ணை என்று சொல்ல முடியாது. இந்த அளவில் வளர்ப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அத்தை, நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். தெர்மோகோல் பெட்டியில் பல்பு போட்டு, கடையில் வாங்கிய 6 முட்டையை 24 நாள் வைத்தேன். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பெட்டி சரியில்லையா?
– திருமங்கலத்திலிருந்து ஒரு மாணவி

பெட்டி மேல் தப்பில்லை கண்ணு. கடைக்கு வரும் முட்டை பெரிய முட்டைப் பண்ணைகளில் இடப்படுவது. அங்கே சேவலே கிடையாது. சேவல் சேராமலும் பெட்டை முட்டையிடும், ஆனால் அந்த முட்டையில் கரு இருக்காது. எத்தனை நாள் சூடு காட்டினாலும் அது கூமுட்டைதான். சேவலோடு கோழி திரிகிற வீடு ஏதாவது உங்கள் தெருவில் இருக்கும். இட்டு ஒரு வாரம் ஆகாத முட்டையாக அங்கே நாலு கேட்டு வாங்கி மறுபடி வை. 24 நாள் பொறுமையாகக் காத்திருந்தாய் அல்லவா, அதுதான் இந்த வேலைக்கு வேண்டியது. பல்பு ஒயரை மட்டும் அப்பாவையோ அம்மாவையோ வைத்துச் சரிபார்த்துக்கொள்.

கேள்வி: ஐப்பசியில் 60 முட்டை வைத்தேன். 23 குஞ்சுதான் வந்தது. 18 முட்டையை உடைத்துப் பார்த்தால் குஞ்சு முழுசாக வளர்ந்து, ஈரமாகப் பிசுபிசுவென்று உள்ளேயே செத்துக் கிடந்தது. சூடு 37.5 டிகிரியில்தான் இருந்தது. தண்ணீர்த் தட்டு இரண்டும் முதல் நாளிலிருந்தே நிரம்பியிருந்தது. மனசு விட்டுப்போய்விட்டது அக்கா.
– மன்னார்குடி வாசகர்

தம்பி, ஓட்டுக்குள் முழுசாக வளர்ந்து செத்த குஞ்சைப் பார்ப்பது போன்ற வேதனை இந்த வேலையில் வேறு இல்லை. ஆனால் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐப்பசி அடைமழையில், மன்னார்குடியில், தட்டு இரண்டிலும் தண்ணீர்.

முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. அடையில் இருக்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியாக முட்டைக்குள் இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அந்த அறையும் பெரிதாகிக்கொண்டே வரும். குஞ்சு வெளியே வரும் முன் அலகை அந்த அறைக்குள் நுழைத்துத்தான் முதல் மூச்சு விடுகிறது. பெட்டிக்குள் ஈரம் மிதமிஞ்சினால் நீர் ஆவியாகாது, அறையும் சின்னதாகவே நின்றுவிடும். மூச்சுக்கு வழியில்லாமல் குஞ்சு உள்ளேயே மூழ்கிவிடும். பிசுபிசுப்பும் அதனால்தான்.

முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் வரை போதும். கடைசி 3 நாளுக்குத்தான் 65 முதல் 70 வரை. மழைக்காலத்தில் நான் முதல் 18 நாளும் ஒரே ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பேன், சில சமயம் அதுவும் வைப்பதில்லை. சித்திரையில் இரண்டு தட்டும் வேண்டும். உங்கள் ஊர்க் காற்றைப் பார்த்துத்தான் தட்டைத் தீர்மானிக்க வேண்டும், பெட்டியோடு வந்த காகிதத்தைப் பார்த்து அல்ல.

அப்புறம், ஈரப்பத மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் மீட்டர் 75 காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. அதாவது 9 குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பி நான் இரண்டு வருடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எத்தனை குஞ்சு போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும்.

மீட்டரைவிட எனக்குத் தராசு மேல் நம்பிக்கை அதிகம். முட்டை வைக்கும் நாளில் 10 முட்டையை அடையாளம் போட்டு எடை பாருங்கள். நாட்டுக்கோழி முட்டை என்றால் 450 கிராம் அளவில் வரும். 18ஆம் நாள் அதே பத்தும் ஏறக்குறைய 395 முதல் 400 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். 420க்கு மேல் நின்றால் ஈரம் அதிகம், 380க்குக் கீழே போனால் ஈரம் போதவில்லை. நடுவில் 7ஆம் நாளும் எடை பார்த்தால் திருத்திக்கொள்ள நேரமிருக்கும்.

அந்த 7ஆம் நாள் ராத்திரியில் டார்ச் அடித்தும் பார்த்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையை டார்ச் மேல் வைத்தால் முட்டை முழுதும் செம்மஞ்சளாக ஒளிரும். உயிருள்ளதில் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள். கொஞ்சம் அசையாமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி துள்ளுவது தெரியும். 14 வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்கும் முதல் முட்டையில் அந்தத் துள்ளலைப் பார்க்கும்வரை பேச்சு வராது. நரம்பில்லாமல் வெறுமனே தெளிவாக இருப்பதையும், சிவப்பு வளையம் மட்டும் நிற்பதையும் எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டால் அழுகும், வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெடும்.

18ஆம் நாளோடு முட்டை திருப்புவதை நிறுத்திவிட்டு மூடியை மூடினால், குஞ்சுகள் வந்து முடியும்வரை திறக்கக் கூடாது. ஓட்டில் முதல் பொத்தல் விழுந்த பிறகு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் ஓடிப்போய், உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பொரித்த குஞ்சு பசியில் கிடக்கிறதே என்று திறக்க வேண்டியதில்லை. அது வயிற்றில் மஞ்சள் கருவைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது.

கேள்வி: சிறுவிடை வாரத்துக்கு நாலு முட்டைதான் இடுகிறது. 30 சேர்வதற்குள் பழசாகிவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
– பரமத்திவேலூர் வாசகி

வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் கருவுக்கு ஆகாது. வெளியே வைத்தாலும் நம் கோடையில் சிக்கல். 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளர ஆரம்பிக்கும், ஆனால் முழுச் சூடு இல்லாததால் பாதியில் சாகும். மண்பானைதான் நல்ல வழி. அகன்ற தட்டில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, அதன் மேல் பானையை வைத்து, உள்ளே உமி பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை நிறுத்துங்கள். வாயை ஈரத்துணியால் மூடி, வீட்டின் இருட்டு மூலையில் வையுங்கள். மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். 30 சேராவிட்டால் 15ஐ வைத்து ஓட்டுங்கள், பெட்டி பாதி காலியாக இருப்பதில் குற்றமில்லை. அழுக்கு முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே போகும்.

கேள்வி: அடைமுட்டையைப் பார்சலில் அனுப்பலாமா? வாங்கியவர் பொரிக்கவில்லை என்று சண்டைக்கு வந்தால் என்ன செய்வது?
– அறந்தாங்கி வாசகர்

அனுப்பலாம். நான் மாதம் இரண்டு முறை அனுப்புகிறேன். ஒவ்வொரு முட்டையையும் செய்தித்தாள் துண்டில் சுற்றி, தட்டில் கூர்முனை கீழே வைத்து, இடுக்கெல்லாம் உமி நிரப்பி, மூடி ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுவேன். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, நடுவில் வைக்கோல் அடைப்பேன்.

ஆனால் உடையாமல் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. குலுங்கலில் காற்றறை பிய்ந்து உள்ளே அலையும். வந்த முட்டையை உடனே அடையில் வைக்கக் கூடாது. கூர்முனை கீழாக 24 மணி நேரம் ஆடாமல் நிறுத்திவைத்த பிறகுதான் வைக்க வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி முட்டையோடு போட்டுவிடுகிறேன். அப்படியும் பயணம் போன முட்டை வீட்டு முட்டை போலப் பொரிக்காது. கடைசியாகத் திருநெல்வேலிக்கு அனுப்பிய 24இல் 11 பொரித்தது. அதே வாரம் என் பெட்டியில் 24க்கு 19. பணம் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சொன்னதும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. போகட்டும், பிறகு ஏமாந்தேன் என்று வருத்தப்படுவதற்கு இது மேல்.

சண்டைக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். அனுப்பும் ஒவ்வொரு முறையும் அதே நாள் முட்டையில் 4 எடுத்து, தேதி எழுதி என் பெட்டியில் வைப்பேன். 7ஆம் நாள் டார்ச் அடித்துப் படம் எடுத்து வாங்கியவருக்கு அனுப்புவேன். என்னிடம் இருப்பதில் கரு ஓடினால், பயணத்திலோ அவர் பெட்டியிலோ குறை. என்னுடையதும் வெறுமையாக இருந்தால் சேவல் சரியில்லை என்று பொருள், பணத்தைத் திருப்பிவிடுவேன். ஒரு முறை திருப்பியும் இருக்கிறேன். அவர் இன்றுவரை என்னிடம்தான் வாங்குகிறார்.

கேள்வி: குஞ்சைப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறார்கள். தாங்குமா அக்கா? எத்தனை மணி நேரம்?
– நத்தம் வாசகி

இதற்கு என் தப்பிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் மே மாதம். கோவையில் ஒரு தம்பி தன் அம்மாவுக்காக 40 குஞ்சு கேட்டார். அன்று காலை பொரித்தவை, எல்லாம் நல்ல துடிப்பு. அட்டைப் பெட்டியில் நாலு பக்கமும் துளை போட்டு, ‘உயிருள்ள குஞ்சு’ என்று பெரிதாக எழுதி, ராத்திரிப் பஸ்ஸில் ஏற்றினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைப்பதாகச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டார்கள். நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் அந்தத் தம்பி படம் அனுப்பினார். பெட்டி கீழே டிக்கியில், இரண்டு வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இருந்திருக்கிறது. துளை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. 26 செத்திருந்தன. மீதி 14 பெட்டியின் ஒரு மூலையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. முழுப் பணத்தையும் பஸ்ஸுக்குக் கொடுத்ததையும் சேர்த்து அனுப்பினேன். அவர் அம்மா ஃபோனில் என்னைத் திட்டவில்லை. “பச்சப்புள்ளைங்கம்மா, எப்பிடித் தவிச்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மூட்டை ஏற்றியவர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் வண்டி கிளம்பும்வரை நின்று பார்க்காதது நான்தானே.

குஞ்சு தாங்குமா என்றால், தாங்கும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு முதல் மூன்று நாள் இரையும் தண்ணீரும் இல்லாமல் இருக்கும். தாய்க்கோழியே கடைசிக் குஞ்சு வரும்வரை அடையை விட்டு எழுந்திருக்காது அல்லவா, அதற்கான ஏற்பாடுதான் இது. விலங்குகளை ஏற்றிச்செல்வதற்கான மத்திய அரசு விதிகளும் பொரித்ததிலிருந்து குளிர்காலத்தில் 72 மணி, கோடையில் 48 மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்கின்றன. ஆனால் குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் பசி இல்லை, வெக்கையும் காற்றில்லாமையும்தான். ஆகவே நான் மணிக்கணக்கை வெகுவாகக் குறைத்துவிட்டேன். 4 மணி நேரப் பயணத்துக்கு மேல் அனுப்புவதில்லை. திருச்சி, மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, அவ்வளவுதான். தூரத்து ஆட்கள் திருச்சிக்கு வந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அனுப்புவதே இல்லை, நேரில் வந்தால் உண்டு.

திங்கள் ராத்திரி முட்டை வைத்தால் 21 நாள் கழித்துத் திங்கள் அன்று பொரிக்கும், செவ்வாய் மாலை ஏற்றலாம். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கூட்டம் இருக்காது. உடம்பு நன்றாகக் காய்ந்து, தொப்புள் மூடி, காலூன்றி நிற்கும் குஞ்சை மட்டும் எடுங்கள். பெட்டியின் அடியில் வழவழப்பான காகிதம் கூடாது, கால் விரிந்துவிடும். கோணியை வெட்டிப் போடுங்கள். 25க்கு மேல் ஒரு பெட்டியில் வேண்டாம். பெட்டியின் வெளிப்பக்கம் நாலு முகத்திலும், மூடி மேலும் ஓர் அங்குல மர ரீப்பரைக் கட்டுகிறேன். பக்கத்தில் எந்த மூட்டையை நெருக்கி வைத்தாலும் துளைக்கும் மூட்டைக்கும் நடுவே காற்று ஓட இடம் இருக்கும். அந்த வெங்காய மூட்டை கற்றுக்கொடுத்தது இது. உள்ளே தண்ணீர் வைக்காதீர்கள். சிந்தி நனைந்தால் ஜன்னி கண்டு சாகும்.

வாங்குபவர் வீட்டில் ப்ரூடரில் (குஞ்சுக்குச் சூடு தரும் கூண்டு) பல்பு எரிகிறது என்று படம் வந்த பிறகுதான் நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவேன். பல்புக்குக் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி. போய்ச் சேர்ந்ததும் முதலில் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை தொட்டு நனைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து உடைத்த கம்பு அல்லது குருணை.

கேள்வி: எல்லாம் பெட்டைக் குஞ்சாகத் தர முடியுமா? கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்கிறார்களே?
– சின்னமனூர் வாசகர்

முடியாது. முட்டையின் வடிவத்துக்கும் குஞ்சு சேவலா பெட்டையா என்பதற்கும் சம்பந்தமில்லை. நாட்டுக்கோழியில் ஒரு நாள் குஞ்சை இறகு பார்த்தும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி வரும். பெட்டை மட்டும் வேண்டுமென்றால் கொண்டை வித்தியாசம் தெரியும்வரை, இரண்டு மாதம்போல, வளர்த்து வாங்குங்கள்.

கேள்வி: கடக்நாத் முட்டை என்று கறுப்பு முட்டை காட்டி விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஓசூர் வாசகர்

வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா பகுதியின் கோழி அது, 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொண்டை, தோல், கறி எல்லாம் கறுப்பு. முட்டை மட்டும் வெளிர் பழுப்பு.

கேள்வி: 30 குஞ்சு விற்றேன். 20 நாள் கழித்து வெள்ளையாகக் கழிந்து 22 செத்துவிட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார். என் மேல் தப்பு உண்டா?
– மேலூர் வாசகி

அறிகுறியைப் பார்த்தால் வெள்ளைக்கழிச்சல் போல இருக்கிறது. ராணிக்கெட் என்பதும் அதுதான். தப்பு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரம்மா? ஆனால் தடுப்பு மருந்து போட்டீர்களா இல்லையா என்பதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லாமல் விற்றிருந்தால் பாதியாவது கொடுத்துவிடுவது நியாயம் என்று படுகிறது.

முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும், அப்புறம் நாலாவது வாரத்தில் ஒரு முறை, எட்டாவது வாரம் ஊசி. மருந்துக் குப்பி நூறு, இருநூறு கோழிக்கான அளவில் வருவதால்தான் 20 குஞ்சு வைத்திருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். கரைத்த மருந்தை எடுத்தும் வைக்க முடியாது, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஏழு வீடு சேர்ந்து ஒரே குப்பி வாங்குகிறோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு வீடு வீடாகப் போய் வருவேன், ஏழு மணிக்குள் முடிந்துவிடும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள், அதில் இலவசம்.

இனி விற்கும்போது என்ன தேதியில் என்ன போட்டது, அடுத்தது எப்போது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். போடவில்லையென்றால் போடவில்லை என்றே எழுதுங்கள்.

கேள்வி: இதில் லாபம் உண்டா?
– பெயர், ஊர் இல்லாத கடிதம்

போன வருடம் என் நோட்டுக் கணக்குப்படி, ஒரு நாள் குஞ்சை 60 ரூபாய்க்கும் அடைமுட்டையை 20 ரூபாய்க்கும் விற்று, தீனி, கரண்ட், மருந்து, பெட்டி எல்லாம் போக மாதம் சராசரி 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. என் உழைப்புக்குக் கூலி போடவில்லை. இதை நம்பி வேலையை விடாதீர்கள்.

கேள்வி: இன்குபேட்டரில் பொரித்த குஞ்சை அடைக்கோழியிடம் விடலாமா? கொத்திக் கொன்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.
– சிங்கம்புணரி வாசகி

விடலாம், ஆனால் பகலில் விட்டால் கொத்தும். கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் படுத்திருக்க வேண்டும், குஞ்சும் பொரித்து ஓரிரண்டு நாளுக்குள் இருக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல், விளக்கில்லாமல் போங்கள். குஞ்சைக் கைக்குள் பொத்தி, கோழியின் இறக்கைக்கு அடியில் கையை நுழைத்து விட்டுவிட்டு, அதே கையில் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்று வைத்தால் ஒன்று எடுப்பது. கோழி ‘உர்’ என்று உறுமும், பயப்படாதீர்கள். விடிவதற்கு முன் எழுந்து பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கோழி தாழ்ந்த குரலில் ‘கொக் கொக்’ என்று கூப்பிட்டு, வாயில் எடுத்த குருணையைக் குஞ்சு முன்னால் கீழே போட்டால் ஏற்றுக்கொண்டுவிட்டது, நீங்கள் எழுந்து போய்க் காபி போடலாம். தலையைத் தாழ்த்திக் கழுத்து மயிரைச் சிலிர்த்தால், உடனே எடுத்து பல்புக்குக் கீழே விடுங்கள்.